தோட்டம் என்னும் ஊர்: நெகிரி செம்பிலான் தமிழரின் சமூக வாழ்வும் ஊர் வரலாற்றின் தேவையும்

1. முன்னுரை

சங்கப் புலவர் பலர் தம் ஊர்ப்பெயராலேயே அறியப்படுகின்றனர். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார் ஆகிய பெயர்களில் ஊரே முன்னிற்கிறது. முதன்முறை சந்திக்கும் தமிழர் இருவர் பெயரைக் கேட்ட பின்னர் ஊரைக் கேட்பது இன்றும் மாறாத வழக்கம். மலேசியத் தமிழ் முதியோரிடம் இவ்வினாவை எழுப்பினால், விடையாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தோட்டத்தின் பெயராகவே இருக்கும். அத்தோட்டம் இன்று நிலப்படத்தில் இல்லாமற் போயிருக்கலாம். ஆயினும் அவர்களுக்கு அதுவே ஊர்.

சிரம்பானிலிருந்து கோலா பிலா செல்லும் சாலையில் அமைந்துள்ள அம்பாங்கான், 2020ஆம் ஆண்டில் மாநகராகத் தகுதி உயர்ந்த சிரம்பானின் புறநகர்ப் பகுதியாகும். பாரோய், செனாவாங், சிக்காமாட் ஆகிய பகுதிகளோடு சேர்ந்து இது இன்று வீடமைப்புத் திட்டங்களும் கடைவீதிகளும் நிறைந்த நகர்ப்புறமாகக் காட்சி தருகிறது. இப்பகுதியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுள் பலவற்றின் வேர், நெகிரி செம்பிலான் தோட்டங்களில்தான் உள்ளது. தோட்டம் என்பது ஒரு வேலைத்தளம் மட்டுமன்று. ஊருக்குரிய உறுப்புகள் பலவற்றையும் கொண்டு இயங்கிய ஒரு சமூகம். எனினும் அது சட்டத்தின் பார்வையில் ஒருபோதும் ஊராக இருந்ததில்லை. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையிலான முரணையும், அதன் விளைவாகத் தமிழாசிரியர்மீது வந்து சேரும் பொறுப்பையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீட்டிற்காக ஜெர்மனியின் ஹோர்னோ என்னும் சிற்றூரின் வரலாற்றையும் சுருங்கக் காண்போம்.

2. தோட்டங்கள் உருவான பின்னணி

இன்றைய சிரம்பானை உள்ளடக்கிய சுங்கை ஊஜோங், 1874ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. அப்பொழுது அதன் முதன்மைப் பொருள் ஈயம். இலங்கையில் காப்பித் தோட்ட அனுபவம் பெற்ற ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் சிலர் பின்னர் இங்கு வந்து காப்பி பயிரிட்டனர். ரந்தாவ் வட்டாரத்து லிங்சம் தோட்டம் அக்காலத்தைச் சேர்ந்தது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. 1896இல் நெகிரி செம்பிலான் கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றாயிற்று. காப்பியின் விலை வீழ்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை உயர்ந்தபோது, காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன.

இத்தோட்டங்களுக்குத் தேவையான உழைப்பு தமிழகத்திலிருந்து வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே முதன்மை பெற்றது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி திரட்டித் தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களின் வழியாக மக்கள் கப்பலேறினர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இந்நிலை நீடித்தது.

கங்காணி முறையின் சமூக விளைவு ஒன்று இங்குக் கருதத்தக்கது. கங்காணி தன் சொந்த ஊருக்கும் அண்டை ஊர்களுக்கும் சென்று தன் உறவினரையும் அறிந்தோரையும் திரட்டி வந்தார். எனவே தோட்டத்திற்கு வந்து சேர்ந்தோர் ஒருவரையொருவர் அறியாத தனியாட்கள் அல்லர். ஊரும் உறவும் சாதியும் வழிபாடும் அவர்களோடு சேர்ந்தே பெயர்ந்தன. கடன் வழியாகத் தொழிலாளரைக் கட்டிவைத்த அதே முறை, மாமன் மச்சான் உறவுகளைக் கடல் கடந்தும் காப்பாற்றித் தந்தது. கங்காணியை ஒடுக்குமுறையின் கருவியாக மட்டுமோ பாதுகாவலராக மட்டுமோ காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

3. தோட்டத்தின் அமைப்பும் அன்றாட வாழ்வும்

தோட்டத்தின் இட அமைப்பே அதன் அதிகார அமைப்பைக் காட்டும். மேட்டில் துரையின் பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். தாழ்விடத்தில் தொழிலாளர் லயங்கள். லயங்களுக்கு அருகே கிணறு, ஆயாக் கொட்டகை, பள்ளி, கோயில், கள்ளுக்கடை, மளிகைக்கடை ஆகியவை இருந்தன. சற்றுத் தொலைவில் பால் கொட்டகையும் புகைவீடும் அமைந்தன. பல தோட்டங்களில் லயங்கள் சாதி அடிப்படையில் பிரிந்திருந்தன. இவ்வுண்மையை மறைத்துத் தோட்ட வாழ்வை ஒற்றுமையின் உறைவிடமாக மட்டும் சித்திரிப்பது பிழையான வரலாறாகவே முடியும்.

விடியுமுன் மணியோசை கேட்டதும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் நிரைக்குச் செல்வர். வெயில் ஏறுமுன் மரம் வெட்டினால்தான் பால் நன்கு வடியும். ஆகவே நாளின் ஒழுங்கு முழுவதையும் மரமே வகுத்தது. வெட்டி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் திரட்டி, காண்டாவில் சுமந்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுக்கும்போது நண்பகல் நெருங்கிவிடும். ஒட்டுப்பால் திரட்டுவதும் புல் வெட்டுவதும் உரம் போடுவதுமான வெளிக்காட்டு வேலைகள் தனி. மழை பெய்தால் பால் வெட்டில்லை. வெட்டில்லையேல் அன்றைய வருவாயும் குறையும்.

இவ்வுழைப்பில் பெண்கள் சரிபாதியாக நின்றனர், கூலியில் அவ்வாறில்லை. 1920களின் இறுதியில் முதன்மை வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தத்தின்போது இவையும் குறைக்கப்பட்டன. கைக்குழந்தையை இருள் பிரியுமுன் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குச் சென்ற தாயின் நாளை, எந்தக் கம்பெனி அறிக்கையும் பதிவு செய்ததில்லை. தோட்டத்தின் ஆயாவும் மருத்துவச்சியும் பல தலைமுறைகளின் நினைவில் வாழ்கின்றனர். ஏட்டில் அவர்களுக்கு இடமில்லை.

4. கோயிலும் பள்ளியும் மன்றமும்

தோட்டத்தை ஊராக்கிய முதல் நிறுவனம் கோயில். மாரியம்மன் பெரும்பாலும் தோட்டத்தின் பொதுத்தெய்வமாக விளங்கினாள். முனியாண்டி, மதுரை வீரன், காளி முதலிய தெய்வங்கள் எல்லைகளிலும் குடும்ப வழிபாட்டிலும் இடம்பெற்றனர். ஆண்டுத் திருவிழாவிற்குத் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து பணம் பிடித்துச் சேர்ப்பது வழக்கம். கரகம், தீமிதி, உறுமி மேளம், தெருக்கூத்து, நாடகம் ஆகியன அந்நாட்களில் நடைபெற்றன. வேறு தோட்டங்களுக்கு மணமாகிச் சென்ற பெண்கள் பிறந்தகம் திரும்பும் நாளும் அதுவே. திருவிழாவில் யார் எந்த மரியாதையைப் பெறுவர் என்பதில் பூசல்கள் எழுந்ததும் உண்டு. பூசல் எழுந்ததே கோயில் தம்முடையது என்னும் உரிமையுணர்வின் அடையாளம் எனலாம்.

இரண்டாவது நிறுவனம் பள்ளி. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வகை செய்தது. தொடக்கத்தில் இவற்றுட் பல ஆயாக் கொட்டகையின் ஒரு பகுதியிலோ காலியான லயத்திலோ நடைபெற்றன; கங்காணியோ கிராணியோ பாடம் சொன்னதும் உண்டு. இவ்வளவு எளிய தொடக்கத்திலிருந்துதான் நாட்டின் தமிழ்ப்பள்ளிகளுட் பெரும்பாலானவை வளர்ந்தன. தோட்டத்து ஆசிரியர் பாடம் நடத்துவதோடு கடிதம் எழுதித் தந்தார், பத்திரிகை வாசித்துக் காட்டினார், நாடகம் பழக்கினார், வழக்குத் தீர்த்தார். ஊரின் எழுத்தறிவு முழுவதும் ஏறக்குறைய அவர் ஒருவரிடமே தங்கியிருந்தது.

மூன்றாவதாக மன்றங்களையும் சங்கங்களையும் குறிப்பிட வேண்டும். பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவிற்கு வருகை புரிந்த பின்னர்ச் சீர்திருத்தக் கருத்துகள் தோட்டங்களிலும் பரவின. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு அக்கருத்துகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1950களில் அவர் முன்னெடுத்த தமிழர் திருநாள், சாதி சமய வேறுபாடின்றிக் கொண்டாடத்தக்க ஒரு விழாவைத் தமிழருக்கு அளித்தது. தொழிற்சங்கத் துறையில் நெகிரி செம்பிலானுக்குத் தனியிடம் உண்டு. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இம்மாநிலத்து இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் வழியே அறியப்பட்ட பி. பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பேற்று நெடுங்காலம் வழிநடத்தினார். ஒவ்வொரு தோட்டத்திலும் சங்கக் கிளையின் செயற்குழு, பஞ்சாயத்திற்கு அடுத்த மற்றொரு பொதுமன்றமாக விளங்கியது.

5. நிலமற்ற ஊரின் சோதனைகள்

வழிபாடு, கல்வி, வழக்குத் தீர்ப்பு, விழா, அமைப்பு ஆகிய அனைத்தும் இருந்தும் தோட்டத்து மக்களிடம் இல்லாதது ஒன்றுண்டு. அதுவே நிலம். வீடும் கோயிலும் இடுகாடும் கம்பெனியின் நிலத்தில் இருந்தன. வேலை நின்றால் வீடும் நின்றது.

இதன் முழுப் பொருளையும் உணர, அண்டையிலிருந்த மலாய்க் கம்பங்களை நோக்க வேண்டும். நெகிரி செம்பிலானின் அடாட் பெர்ப்பாத்தே மரபில் மூதாதையர் நிலம் தாய்வழியாகப் பெண்களுக்குச் சேர்கிறது. கோலா பிலா, ரெம்பாவ் முதலிய மாவட்டங்களில் இவ்வழக்காற்றுக்கு 1909ஆம் ஆண்டின் வழக்காற்று நிலவுடைமைச் சட்டம் ஏட்டுப் பதிவின் பாதுகாப்பை அளித்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் ஒழுங்குபடுத்தியது. ஒரே மாநிலத்தில், ஒரே மழையில், சில கல் தொலைவில் இரு வகை ஊர்கள் இருந்தன. ஒன்றில் பாட்டியின் பெயரிலிருந்த நிலம் பேத்திக்கு வந்தது. மற்றொன்றில் பாட்டி வாழ்ந்த லயத்து அறை, அவர் பெயர் செக்ரோலில் இருந்தவரை மட்டுமே அவருடையது.

நிலமற்ற ஊரைக் காலம் பலமுறை கலைத்தது. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர் சயாம் - பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். துண்டாடல் குறித்த உங்கு அஜிஸின் ஆய்வு மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வெளிவந்தது. தொழிலாளரே நிலவுடைமை பெறுதல் வேண்டும் என்னும் நோக்கோடு துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சிறுகச் சிறுகத் திரட்டிய தொழிலாளரின் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நிலமின்மையே தோட்டத் தமிழரின் அடிப்படைச் சிக்கல் என்பதை உணர்ந்த முயற்சி இது. 1969இல் குடியுரிமையற்றோருக்கு வேலை அனுமதி முறை வந்தபோது, பல குடும்பங்கள் பிரிந்து ஒரு பகுதியினர் தமிழகம் திரும்பினர்.

ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. ஏக்கருக்குத் தேவைப்பட்ட ஆட்களின் எண்ணிக்கை குறைந்தது. 1990களில் வளர்ச்சித் திட்டங்கள் விரிந்தபோது, சிரம்பானையும் நீலாயையும் சூழ்ந்திருந்த தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. அண்டை மாநிலமான சிலாங்கூரில் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளில் குடியமர்ந்தனர். பிராங் பெசார் தோட்டத்தில் உருவாக்கப்பட்ட உயர்விளைச்சல் ரப்பர் இனங்கள், அதன் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி, பி.பி. 260 என்பது போன்ற பெயர்களில் உலகெங்கும் அறியப்பட்டுள்ளன. அம்மரங்களை வெட்டிய மக்களின் பெயர்ப்பட்டியலை வைத்திருக்கும் நூலகம் எதுவுமில்லை. மரத்திற்குக் கிட்டிய வரலாறு மனிதருக்குக் கிட்டவில்லை.

6. ஹோர்னோ: ஒரு ஜெர்மானியச் சிற்றூர்

பிற நாட்டிலும் ஊர்கள் அழிந்துள்ளன. ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்தில், போலந்து எல்லைக்கு அருகே, ஹோர்னோ என்னும் சிற்றூர் இருந்தது. ஏறத்தாழ 350 பேர் வாழ்ந்த அவ்வூர், சோர்பியர் என்னும் சிறுபான்மை இனத்தவரின் மரபுவழி வாழிடத்தைச் சேர்ந்தது. ஜெர்மன் மொழியினின்றும் வேறான, ஸ்லாவிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்த தனிமொழி சோர்பியருக்கு உண்டு. அம்மொழியில் ஹோர்னோவின் பெயர் ரோகோவ். பெரும்பான்மை மொழியினரிடையே தம் மொழியையும் வழக்காற்றையும் காத்துவரும் சமூகம் என்ற வகையில், அவர்களின் அனுபவம் நமக்கு அயலானதன்று.

ஹோர்னோவின் அடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. கிழக்கு ஜெர்மனி அரசு காலத்திலேயே அவ்வூரை அகற்றும் திட்டம் உருவாயிற்று. ஜெர்மனி ஒன்றிணைந்த பின்னரும் திட்டம் கைவிடப்படவில்லை. ஊர்மக்கள் பல்லாண்டு போராடினர். 1997இல் மாநிலச் சட்டமன்றம் ஊரை அகற்ற வகை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது; 1998இல் மாநில அரசியலமைப்பு நீதிமன்றம் அதனை ஏற்றது; 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஊர்மக்களின் முறையீட்டை ஏற்கவில்லை. 2004 நவம்பரில் பழைய தேவாலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இதுவரை உள்ள கதை நம் கதையைப் போன்றதே. வேறுபாடு இனித்தான் தொடங்குகிறது. மக்களுட் பெரும்பகுதியினர் அருகிலுள்ள ஃபோர்ஸ்ட் நகரின் ஓரத்தில் ஒன்றாகவே குடியமர்ந்தனர். புதிய குடியிருப்புக்கும் ஹோர்னோ என்றே பெயர். அங்குப் புதிய தேவாலயம் எழுந்தது. 2006இல் ‘மறைந்த ஊர்களின் ஆவணக்காப்பகம்’ அங்குத் திறக்கப்பட்டது. நிலக்கரிக்காக அவ்வட்டாரத்தில் முழுமையாகவோ பகுதியாகவோ அகற்றப்பட்ட 130க்கும் மேற்பட்ட ஊர்களின் வரலாற்றை அது காட்சிப்படுத்துகிறது.

ஹோர்னோ மக்கள் இழந்தது சிறிதன்று; அவர்களுள் எல்லாரும் மனநிறைவோடு பெயர்ந்தனர் என்பதும் இல்லை. எனினும் ஊர் அழிந்த பின்னும் அதன் பெயரும் அண்டைவீட்டு உறவும் ஆவணமும் எஞ்சியமைக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, ஹோர்னோ சட்டத்தகுதி பெற்ற ஓர் ஊராட்சி. தன் பெயரிலேயே பேசவும் எதிர்க்கவும் அதனால் இயன்றது. இரண்டாவது, குடும்பங்களிடம் சொந்த வீடும் நிலமும் இருந்தன. இழப்பீடு பற்றிப் பேச அவை அடிப்படையாயின. மூன்றாவது, ஊர் வரலாறு எழுதும் மரபு. ஜெர்மானியச் சிற்றூர்களில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைத் தேவாலயப் பதிவேடுகள் பல நூற்றாண்டுகளாகப் பதிந்து வந்துள்ளன. ஊர் வரலாற்று ஏட்டைப் பள்ளியாசிரியரோ போதகரோ ஆர்வமுள்ள ஒருவரோ எழுதிவருவதும் அங்கு நெடிய வழக்கம். தன்னார்வத் தீயணைப்புப் படை, பாடகர் குழு முதலிய சங்கங்களும் தத்தம் ஏடுகளைப் பேணுகின்றன.

முதலிரண்டும் நம் தோட்டங்களுக்கு வாய்க்கவில்லை. கடந்த காலத்திற்குச் சென்று அவற்றைப் பெறவும் இயலாது. மூன்றாவது இன்னும் நம் கையில் உள்ளது.

7. தமிழாசிரியர் ஆற்றத்தக்க பணி

தோட்டத் தமிழரைப் பற்றிய ஆய்வுகள் இல்லாமல் இல்லை. கெர்னியல் சிங் சந்துவின் குடியேற்ற வரலாறும் ரவீந்திர ஜெயினின் மானிடவியல் ஆய்வும் இன்றியமையாதவை. ஆனால் ஜெயின் தாம் ஆய்ந்த தோட்டத்திற்குப் ‘பால் மெலாயு’ என்னும் புனைபெயரையே இட்டார். ஆய்வு அறத்தின்படி அது முறையானது. எனினும் அத்தோட்டத்தில் பிறந்தவர் ஒருவர் அந்நூலில் தம் ஊரைப் பெயர்சொல்லிக் காண இயலாது. பொதுவான சமூக வரலாறு வேறு, குறிப்பிட்ட ஊரின் வரலாறு வேறு. இரண்டாவதை எழுத வேண்டியவர் அவ்வூரை அறிந்தவரே.

அதற்கான சான்றுகள் நாம் எண்ணுவதைவிட அருகில் உள்ளன. தோட்டங்கள் மறைந்தும் அவற்றின் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளில் வாழ்கின்றன. லிங்சம், சுவா பெத்தோங், சிலியாவ், கிர்பி, கெடஸ், ஜெராம் பாடாங் எனப் பள்ளிப் பெயர்களை அடுக்கினால் அதுவே ஒரு நிலப்படமாகும். அப்பள்ளிகளின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு, ஒரு பிள்ளையின் பெயரோடு தந்தை பெயரையும் தொழிலையும் பிறந்த நாளையும் தாங்கியுள்ளது. தேவாலயப் பதிவேடு ஜெர்மானியச் சிற்றூருக்கு எதுவோ, சேர்க்கைப் பதிவேடு நம் தோட்டத்திற்கு அதுவே. கட்டடம் மாறும்போதும் பள்ளி இடம்பெயரும்போதும் முதலில் குப்பைக்குச் செல்வதும் இதுவே. பழைய பதிவேடுகளைப் படியெடுத்துக் காப்பது எல்லாவற்றிற்கும் முற்பட்ட பணியாகும்.

அடுத்துக் கோயில் வரவு செலவுக் கணக்கு, திருவிழா அழைப்பிதழ், திருமண அழைப்பிதழ், சங்கக் கிளையின் கூட்டக் குறிப்பு, சம்பளச் சீட்டு, கல்லறை எழுத்து ஆகியவற்றைக் கொள்ளலாம். திருமண அழைப்பிதழ்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால், எந்தத் தோட்டம் எந்தத் தோட்டத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தது என்பது புலனாகும். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயர் இருப்பின் அதுவும் சான்றே.

மூன்றாவது, முதியோரின் வாய்மொழி. பொதுவாக வாழ்க்கை வரலாற்றைக் கேட்பதினும், லயங்களின் படத்தை வரையச் சொல்லி, ஒவ்வோர் அறையிலும் யார் இருந்தனர் எனக் கேட்பது கூடுதல் பயன் தரும். இடம் நினைவுக்கு வரும்போது மனிதரும் நிகழ்ச்சியும் உடன்வருவர். பெண்களைத் தனியே கேட்டல் வேண்டும். ஆண்கள் உடனிருக்கும் அவையில் அவர்கள் பெரும்பாலும் சுருக்கமாகவே பேசுவர். பெரட்டு, நிரை, மங்கு, காண்டா, வெளிக்காடு ஆகிய சொற்கள் எந்தப் பொருளில், எந்த வாக்கியத்தில் வழங்கின என்பதையும் குறித்தல் வேண்டும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து உருவான இச்சொற்களஞ்சியம், அதை ஆண்ட தலைமுறையோடு மறையும் நிலையில் உள்ளது. சாதிப் பிரிவினையும் மதுவின் கேடும் குடும்ப வன்முறையும் பேச்சில் வரும். அவற்றை நீக்கி எழுதுதல் கூடாது. அதே வேளையில் வாழ்வோரின் பெயரை அவர் இசைவின்றி வெளியிடுதலும் தகாது.

இப்பணியை மாணவரைக் கொண்டு செய்வதில் வேறொரு பயனும் உண்டு. அம்பாங்கானின் வீடமைப்புப் பகுதியில் வளரும் பிள்ளைக்குத் தோட்டம் என்பது பாட்டி சொல்லும் ஒரு சொல் மட்டுமே. அச்சொல்லுக்குப் பின்னே ஓர் ஊர் இருந்தது என்பதை அப்பிள்ளை தானே கேட்டு, தன் கையால் எழுதும்போது, கட்டுரைப் பயிற்சி வரலாற்றுப் பணியாகிறது. பல்கலைக்கழகத் துறைகள் இத்தொகுப்புகளைப் பெற்று, சரிபார்த்து, காப்பகத்தில் சேர்க்கும் ஏற்பாட்டைச் செய்யலாம்.

8. முடிவுரை

தோட்டம் ஊராகவே வாழ்ந்தது. ஊர் என்னும் தகுதியை மட்டும் பெறவில்லை. அதன் மக்கள் கோயில் கட்டினர், பள்ளி வளர்த்தனர், சங்கம் கண்டனர். நிலம் அவர்களுடையதாக இல்லாமையால், நிலத்தை விட்டகன்றபோது இவையனைத்தும் சான்றின்றிப் போகும் நிலை ஏற்பட்டது. ஹோர்னோவின் வரலாறு காட்டுவது, அழிந்த ஊரும் ஆவணத்தில் தொடர்ந்து வாழ முடியும் என்பதை. நெகிரி செம்பிலானில் தமிழ்ப்பள்ளிகள் ஏறத்தாழ அறுபது உள்ளன. ஒவ்வொரு பள்ளியும் தன் பெயருக்குரிய தோட்டத்தின் வரலாற்றை ஒரு சிறு ஏடாக எழுதி வைக்குமானால், இம்மாநிலத் தமிழரின் ஊர் வரலாறு ஓரளவேனும் நிறைவுறும். லயத்தின் படத்தை நினைவிலிருந்து வரையக்கூடியவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். ஆதலின் இப்பணி அடுத்த கல்வியாண்டுக்கு ஒத்திவைக்கத்தக்கதன்று.